நான்கு இடத்துக் கப்கேக்குகளும் கூலி பற்றிய ஒரு கேள்வியும்

சிங்கப்பூரில் நம்மவர் வீட்டு நிக்காஹுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு வழியனுப்பும் வழக்கம் இல்லை. ஒரு காலத்தில் கற்கண்டும் பேரீச்சம்பழமும் காகிதப் பையில் இட்டுக் கொடுத்தார்கள். மலாய்க் குடும்பங்களோடு பழகிய பிறகு, அவர்கள் திருமணங்களில் வழங்கும் அவித்த முட்டையும் சில வீடுகளில் இடம்பெற்றது. இன்று அந்த இடத்தைக் கப்கேக் பிடித்துக்கொண்டது. உள்ளே இருப்பது தெரியும் சிறு பெட்டி, அதன்மேல் ஒரு நாடா, மணமக்களின் பெயர் அச்சிட்ட அட்டை, உள்ளே உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேக். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. கீழக்கரைத் தொதல் இருக்க இதை ஏன் பிடித்துக்கொண்டோம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆயினும் மணப்பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. அவளிடம் தொதலின் பெருமையைப் பேசி வெல்ல முடியாது.

மணப்பெண் என் ராத்தாவின் மகள். வரும் மாதம் இன்ஷா அல்லாஹ் நிக்காஹ். விருந்து அவர்கள் வசிக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில். விருந்தினர் 220 பேர். "சாச்சி, கேக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவள் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், இரண்டு வாரங்கள் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்தச் சிறு கேக்கின் பூர்வீகம் அமெரிக்கா. சிறிய குவளைகளில் சுடும் கேக்கைப் பற்றி அமெலியா சிம்மன்ஸ் என்பவர் தம் சமையல் நூலில் 1796இல் குறிப்பிட்டார். கப்கேக் என்ற பெயர் 1828இல் எலைசா லெஸ்லியின் நூலில் வருகிறது. மாவையும் சர்க்கரையையும் எடைபோடாமல் குவளையால் அளந்ததும் அப்பெயருக்கு ஒரு காரணம் என்பார்கள். குழந்தைகளின் பிறந்தநாள் பண்டமாக நெடுங்காலம் அடங்கிக் கிடந்த இதனை, 1996இல் நியூயார்க்கில் தொடங்கிய மக்னோலியா பேக்கரியும், அக்கடையை 2000இல் காட்டிய ஒரு தொலைக்காட்சித் தொடரும் பெரியவர்களின் மோகமாக மாற்றின. அந்த அலைதான் சில ஆண்டுகள் கழித்து நம் கடைத்தொகுதிகளுக்கும் வந்து சேர்ந்தது.

நான் ஒப்பிட்டது நான்கு இடங்களை. பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒருவர் கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று கேக்குகளைத் தின்றுவிட்டு அவருடைய பிழைப்பின் மீது தீர்ப்பெழுதுவது அழகன்று. பெயர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

எல்லா இடங்களிலும் வெனிலா, சாக்லேட் இரண்டும் வாங்கினேன். மூன்றாவதாக, அந்தக் கடையில் எது நன்றாக விற்கிறதோ அது. சுவை பார்ப்பதற்கு முன் ஒரு சோதனை வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து, குளிரூட்டி இல்லாத வரவேற்பறையில், ளுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் வைத்துவிட்டேன். கீழ்த்தளத்தில் விருந்து என்றால் நம் ஊர் வெயிலும் ஈரக் காற்றும் அழையாமலே வருகிற விருந்தாளிகள். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். அதற்கு முன்பே தளர்ந்துவிடும். கடையின் குளிரில் கோபுரம்போல் நிற்கும் ஐசிங், பெண் வீட்டார் கைகொடுத்து வரவேற்று முடிப்பதற்குள் சரிந்து பெட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டால் என்ன பயன்?

முதலாவது, ஒரு கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் உள்ள கடை. தீவெங்கும் கிளைகள் உண்டு. முயிஸின் பச்சை நிற ஹலால் முத்திரை கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு கேக் 2 வெள்ளி 80 காசு. கேக்கின் உடல் மென்மையாக, குறை சொல்ல இடமின்றி இருந்தது. ஐசிங்தான் நாக்கின் மேல் ஒரு மெழுகுப் படலம்போல் தங்கிவிட்டது. வெண்ணெயோடு தாவரக் கொழுப்பை மிகுதியாகச் சேர்த்தால் இப்படி ஆகும். அக்கொழுப்பு நம் உடல் வெப்பத்தில் வெண்ணெயைப்போல் முழுதும் கரைவதில்லை. ஆனால் வெயில் சோதனையில் வென்றதும் இதுதான். மூன்று மணி நேரம் கழித்தும் அதன் சுருள்கள் கலையவில்லை. சுவைக்குக் குறையாகிய அதே கொழுப்புதான் வெயிலில் அதற்குத் துணை நின்றது.

இரண்டாவது, தியோங் பாரு வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு கடை. வெள்ளைச் சுவர்கள், மர மேசைகள், மெல்லிய இசை. ஒரு கேக் 4 வெள்ளி 50 காசு. சுவையில் இதுதான் நான்கிலும் முதலிடம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு வெந்நீர்மேல் வைத்துச் சூடாக்கி, நுரைக்க அடித்து, பிறகு வெண்ணெய் சேர்க்கும் சுவிஸ் முறை ஐசிங். இனிப்பு அடக்கமாக, வாயில் வைத்ததும் பனிபோல் மறைந்தது. வெயிலிலும் அப்படியே மறைந்தது. ஒரு மணி நேரத்தில் கேக்கின் தோளில் சாய்ந்துவிட்டது. அங்கே ஹலால் சான்றிதழ் இல்லை. பன்றி இறைச்சியும் கொழுப்பும் பயன்படுத்துவதில்லை என்றார் மேலாளர். அது நல்ல செய்தி. ஆனால் ஹலால் என்பதற்கு அது மட்டும் போதாது என்பது நமக்குத் தெரியும். நான் ஒவ்வொரு பொருளாகக் கேட்டேன். அந்தப் பெண்மணி சலிக்காமல் உள்ளே போய்ப் புட்டிகளையும் பொட்டலங்களையும் எடுத்துவந்து காட்டினார்.

கேக்கில் என்ன ஐயம் இருக்க முடியும், மாவும் முட்டையும்தானே என்று கேட்பவர்களுக்காகச் சில வரிகள். வெனிலா சாறு என்பது வெனிலாக் காய்களை மதுசாரத்தில் ஊறவைத்து எடுப்பது. அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 35 விழுக்காடு மதுசாரம் இருந்தால்தான் அப்பெயரிட்டு விற்கலாம். மேலே தூவும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. அது மீனா, மாடா, பன்றியா என்பதைப் பொட்டலம் சொல்ல வேண்டும், பல பொட்டலங்கள் சொல்வதில்லை. சிவப்பு நிறத்துக்கு இ120 என்று போட்டிருந்தால் அது கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து வருவது; அதுபற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இ471 என்ற பால்மமாக்கி தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பழக் கேக்குகளில் ரம் ஊற்றுவது பல பேக்கரிகளில் சாதாரணம். அதே கரண்டி, அதே கிண்ணம் அடுத்த மாவுக்கும் போகிறதா என்பது வேறு கேள்வி. இவற்றில் எது கூடும், எது கூடாது என்று ஃபத்வா சொல்வது என் வேலையன்று. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். கேக்கை வைத்து நாம் எவ்வளவு கேள்வி கேட்கிறோம் என்று காட்டவே இதைச் சொன்னேன்.

தியோங் பாருக் கடையை விட்டேன். அந்த மேலாளரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. நான் என் வாய்க்கு வாங்குவது ஒன்று. 220 பேருக்குக் கொடுப்பது வேறு. விருந்துக்கு வந்தவர் ஒவ்வொருவரும் உள்ளே போய்ப் புட்டியைப் பார்க்க முடியாது. அவர்களுடைய மனத்தில் ஒரு நெருடல்கூட எழாமல் பார்த்துக்கொள்வது அழைத்தவரின் கடமை.

மூன்றாவது, சுல்தான் பள்ளிவாசலிலிருந்து நடக்கும் தொலைவில், முஸ்லிம் குடும்பம் ஒன்று நடத்தும் கடை. ஒரு கேக் 4 வெள்ளி. பண்டான் இலைச் சாறு சேர்த்த பச்சை நிறக் கேக், நடுவில் குலா மலாக்காப் பாகு, மேலே தேங்காய்ப் பூ. மலாய்க்காரர்களின் ஒண்டே ஒண்டே என்னும் பலகாரத்தை அப்படியே கப்கேக்காக மாற்றியிருந்தார்கள். பண்டானை நாம் ரம்பை என்கிறோம். குலா மலாக்கா என்பது தென்னங்கருப்பட்டிதான். வாயில் வைத்ததும் உம்மா கிண்டும் தொதலின் வாசம் வந்தது. என்னோடு வந்த என் மகன், பன்னிரண்டு வயது, ஒன்றை முடித்துவிட்டு எனக்கென்று வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டான். அது போதுமான சான்று. ஆனால் ஷவ்வால் மாதம் முழுவதும் அவர்கள் கைநிறைய ஆர்டர்கள். திருமணங்கள் எல்லாம் நோன்புப் பெருநாளுக்குப் பின்பே குவிகின்றன. எங்கள் தேதிக்கு முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள்.

நான்காவது இடத்தைப் பற்றிச் சொல்லுமுன், கடைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது என் கண்ணில் பட்ட ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும்.

2021ஆம் ஆண்டு ஜனவரியில், இங்கு நன்கு அறியப்பட்ட ஒரு கப்கேக் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 119,500 வெள்ளி அபராதம் விதித்தது. வெளிநாட்டு ஊழியர்கள் ஏழு பேருக்கு, மனிதவள அமைச்சிடம் சொன்ன சம்பளத்தைக் கொடுக்காமல், எல்லாமாக ஏறத்தாழ 114,000 வெள்ளி குறைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நடந்த இதே வகைக் குற்றத்துக்காக, அந்நிறுவனத்தை முதலில் தொடங்கியவர்களும் அதே ஆண்டில் தனித்தனியே அபராதம் கட்டினார்கள். செய்தித்தாள்களில் எல்லாம் வந்த வழக்கு. அப்போது நானும் படித்திருப்பேன், மனத்தில் தங்கவில்லை. இம்முறை பெட்டிகளும் விலைப்பட்டியல்களும் பரப்பிக் கிடந்த மேசையில் அமர்ந்து படித்தபோது, அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

கேக்கை எந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் இந்தக் குற்றம் தெரியாது. இ எண்களில் அதற்கு எண் கிடையாது. முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றளித்து வருகிறது. அதன் உழைப்பால்தான் நாம் இந்த ஊரில் அச்சமின்றி உண்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த முத்திரை பொருளையும் பாத்திரத்தையும் சமையலறையையும் பற்றியது. சுட்டவருக்குக் கூலி போனதா என்பதைக் கேட்க வேறு சட்டம், வேறு அமைச்சு. அது நிர்வாகப் பிரிவினை, அதில் தவறில்லை. நம் மனத்திலும் அதே பிரிவினையைச் செய்துகொண்டோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அல் பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபிமொழி நம் மதரசாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆயினும் கேக்கின் உறையைத் திருப்பித் திருப்பி ஜெலட்டினைத் தேடுகிற நாம், அதைப் பிசைந்த கையைப் பற்றி ஒருமுறையும் கேட்டதில்லை.

எனக்கு இது நூல்களில் படித்த விஷயம் மட்டுமன்று. வாப்பா 1961இல் பதினெட்டு வயதில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கினார். முதல் வேலை ஒரு ரொட்டிக் கடையில். இரவு முழுவதும் மாவு பிசைவது, விடியுமுன் மிதிவண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடுவீடாக ரொட்டி விற்பது. அந்நாளில் இங்கே ரொட்டிக்காரர் என்றாலே பெரும்பாலும் நம்மவர்தான். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு கடை மூடப்பட்டது. மூன்று மாதக் கூலி நின்றுபோனது. வருகிறது, வருகிறது என்றார்கள், வரவில்லை. அந்தப் பணத்தை நம்பி ஊரில் என் மாமிக்கு, வாப்பாவின் தங்கைக்கு, நிக்காஹ் பேசி வைத்திருந்தார்கள். அது ஓராண்டு தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துக்கொண்டது அல்லாஹ்வின் கிருபை.

கடை முதலாளி நம் ஊர்க்காரர், நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். தொழுகையில் முன் ஸஃப்பில் நிற்பவர் என்று மட்டும் வாப்பா ஒருமுறை சொன்னார். பெயரை எங்களிடம் சொன்னதே இல்லை. கேட்டால், "அடியானின் குறையை மறைத்தவனின் குறையை அல்லாஹ் மறைப்பான்" என்ற பொருளில் ஏதேனும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். 2009இல் மௌத்தாகும்வரை அப்படித்தான். கடைகளின் பெயரை எழுத எனக்குக் கை வராததற்கு இதுவே மற்றொரு காரணம்.

எனவே, ஏற்கெனவே போய்வந்த கடைகளில் எங்களுக்கு இயலக்கூடிய ஒன்றுக்கு, அதாவது முதலாவது கடைக்கு, மறுபடியும் போனேன். ஊதியத்தைப் பற்றிக் கேட்பது வெனிலாவைப் பற்றிக் கேட்பதைப்போல் எளிதன்று. மணப்பெண்ணையும் உடன் அழைத்துப் போயிருந்தேன். நான் வாயைத் திறந்ததும் அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மின்படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டாள். கல்லாவில் நின்ற பெண் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருபவள். விடியற்காலை நான்கரை மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறாளாம். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, "சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, மகளே?" என்று மலாயில் கேட்டேன். அவள் முதலில் விழித்தாள். பிறகு சிரித்து, மாதம் முடிந்து ஐந்தாம் தேதிக்குள் வங்கியில் விழுந்துவிடும், கூடுதல் நேரப் பணமும் சம்பளச் சீட்டில் தனியாகக் காட்டியிருப்பார்கள் என்றாள். இங்கே சட்டம் சொல்வதும் அதுவே: மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம், 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டும் கட்டாயம். இப்படி ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்று சொல்லி, ஒரு கேக்கைப் பெட்டியில் கூடுதலாக வைக்கப் பார்த்தாள். அது அவள் கணக்கில் போகும் என்பதால் மறுத்துவிட்டேன்.

ஐசிங்கில் கடைசி இடம் பிடித்த கடை, இந்தக் கேள்வியில் தலைநிமிர்ந்து நின்றது. சிறு கடைகள் எல்லாம் நல்லவை, கிளைகள் வைத்து நடத்தும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் இரக்கமற்றவை என்று ஒரு கதையை நாம் விரும்பி நம்புகிறோம். என் வாப்பா வேலை பார்த்ததும் சிறு கடைதான்.

இப்போது நான்காவது இடம். உட்லண்ட்ஸில் ஒரு மூவறை வீடு. கணவரை இழந்த ஒரு சகோதரி தம் சமையலறையில் கேக் சுட்டு இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். மூத்த மகள் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் படிக்கிறாள், மாலையில் உதவுகிறாள். வீட்டிலிருந்து தொழில் செய்வோர் வெளியாட்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது விதி. முயிஸ் சான்றிதழுக்கும் அவரால் விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் பெற்ற இடங்களுக்கே அது உரியது. ஆக, சுவரில் முத்திரை இல்லை. அதற்குப் பதிலாக அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். மாவு, கோக்கோ, நிறமி, எண்ணெய் என்று ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் ஹலால் குறி. நான் கேட்காமலே காட்டினார். அதில் ஒரு தன்மானமும், இப்படி எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார் என்ற களைப்பும் சேர்ந்தே தெரிந்தன.

கேக் 3 வெள்ளி 20 காசு. கம்போங் கிளாம் கடையின் நேர்த்தி இதில் இல்லை. மேற்புறம் சற்றே வெடித்திருந்தது. ஆனால் ஈரப்பதமும் மணமும் குறையவில்லை. "கீழ்த்தளத்தில் விருந்து என்றால் பட்டர் கிரீம் வேண்டாம், ராத்தா, வழிந்துவிடும்" என்று அவரே சொன்னார். கருப்பட்டிப் பாகைத் தடவி, வறுத்த தேங்காயைத் தூவித் தருவதாகச் சொன்னார். வெயிலில் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

என் ராத்தாவிடம் வந்து சொன்னேன். சுவை பிடித்திருந்தது. விலையைக் கேட்டதும், "வீட்டில் சுடுவதுதானே, கடை வாடகை இல்லையே, இரண்டரை வெள்ளிக்குக் கேள்" என்றார். ராத்தா கஞ்சத்தனம் உடையவர் அல்லர். நம் வீடுகளில் எல்லாப் பெண்களும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். கடைத்தொகுதியில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். நம்மைப்போல் தலையை மூடிய ஒரு பெண் தன் வீட்டு வாசலில் நின்று விலை சொன்னால் நம் வாய் தானாகத் திறக்கிறது.

தாளையும் பேனாவையும் எடுத்துக் கணக்குப் போட்டேன். 220 கேக்குகள். அவருடைய ஓவனில் ஒரு முறைக்கு 24. பத்து முறை சுட வேண்டும். பொருள் வாங்குவது, மாவு கலப்பது, சுடுவது, ஆற்றுவது, பாகு காய்ச்சித் தடவுவது, பெட்டியில் அடைத்து நாடா கட்டுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து அவர் சொன்ன கணக்கில் 25 மணி நேரம். ஒரு கேக்குக்குப் பொருளும் பெட்டியுமாக 1 வெள்ளி 60 காசு. 3 வெள்ளி 20 காசு என்றால் கையில் மிஞ்சுவது 352 வெள்ளி. மணிக்கு 14 வெள்ளி சொச்சம், மின்கட்டணத்தைக் கழிக்காமல். இரண்டரை வெள்ளி என்றால் மிஞ்சுவது 198. மணிக்கு 8 வெள்ளிகூட இல்லை. அதுவும் இருவர் கைபட்ட வேலைக்கு. "நீங்கள் குறைக்கச் சொல்லும் 70 காசு மாவிலிருந்தோ முட்டையிலிருந்தோ குறையாது ராத்தா, அந்தக் கடைக்காரர்கள் அதை ஒரே கூலியில் பிடிக்கும் வித்தையைத்தான் அவரிடம் விற்பனை செய்யச் சொல்கிறோம்" என்றேன். அவர் தாளை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "வாப்பாவைப்போல் பேசாதே" என்றார். ஆனால் விலையைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

விஷயம் அத்துடன் முடியவில்லை. 220ஐ ஒரே நாளில் தன்னால் புத்தம் புதிதாகத் தர முடியாது என்றார் உட்லண்ட்ஸ் சகோதரி. ஓவனும் குளிர்சாதனப் பெட்டியும் தாங்கும் அளவு 120. முதல் நாளே பாதியைச் சுட்டு வைத்து ஒப்பேற்றலாம். அது தமக்கு மனம் ஒப்பவில்லை என்றார். இன்னொரு பக்கம், எண்பது வயதைத் தாண்டிய எங்கள் மாமி, பச்சை முத்திரை இல்லாத எதையும் தொடமாட்டார். அவருடைய தோழிகளும் அப்படியே. வீட்டில் சுட்டது, நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். "உனக்கு நம்பிக்கை, எனக்கு முத்திரை" என்றார்.

அவருக்குத்தான் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். ஏழு பேர், 114,000 வெள்ளி. மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, வாப்பாவின் முதலாளி பெயர் தமக்குத் தெரியும் என்றார். அறுபது ஆண்டுகளாக எனக்குத் தெரியாத பெயர். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அவர் பேரப்பிள்ளைகளும் நிக்காஹுக்கு வருகிறார்கள், அழைப்பு கொடுத்தாயிற்று" என்று மட்டும் சொல்லிவிட்டு, தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்.

இறுதியில் 120 உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்தும், 100 முதல் கடையிலிருந்தும் வருகின்றன. கடைக்காரர்களிடம் ஐசிங்கைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம், ஒப்புக்கொண்டார்கள். சகோதரிக்குப் பாதிப் பணத்தை ராத்தாவே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். மீதியை அவர் கேக்கைக் கொண்டுவந்து இறக்கியதும், அவர் திரும்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று உறையில் போட்டு என் பெயரெழுதி வைத்திருக்கிறார். இரு வகைக் கேக்குகளையும் தனித்தனி மேசையில் வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று அட்டை எழுதி வைப்பதாக ஏற்பாடு. முதல் மேசையின் அட்டை எளிது. முத்திரையை ஒட்டினால் போதும். இரண்டாவதில் என்ன எழுதுவதென்று ராத்தாவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.